கேள்விக்கடை பிலோமினா

“எப்ப வெட்டு?”

மருந்து டப்பா பிலோமினாவின் கையில் இருக்கிறது. இன்னும் மேசைக்கு வரவில்லை. எதிரே நிற்கும் விவசாயி பையின் வாயைத் திறந்து பிடித்தபடி, பிரசாதத்துக்கு நிற்பவர் மாதிரி நிற்கிறார். கேள்வி அவருக்குப் புதிதல்ல. போன முறை வந்தபோதும் கேட்கப்பட்டதுதான். ஆனாலும் பதில் சொல்லுமுன் தொண்டையை ஒரு தடவை செருமிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

“அது கெடக்குத்தா, இன்னும் ஒரு மாசம்.”

“ஒரு மாசமா? பழம் நெறம் புடிச்சிருச்சுன்னு உங்க மருமகன் நேத்துத்தான் இங்கன நின்னு சொன்னாக.”

“அவன் கெடக்கான். அவனுக்கு எது காயி, எது பழம்னு என்ன தெரியும்?”

“அப்பச் சரி. போய் ஒரு கொத்துக் கொண்டாங்க. பாத்துட்டுத் தாரேன்.”

விவசாயி சிரித்துவிடுகிறார். பிலோமினாவும் சிரிக்கிறார். டப்பா மட்டும் சிரிக்காமல் அலமாரிக்குத் திரும்பிப் போகிறது. அதற்குப் பதிலாக வேறொன்று மேசைக்கு வருகிறது. வீரியம் கம்மி, ஆனால் சீக்கிரம் ஆறிவிடும் மருந்து. ‘ஆறுவது’ என்பது பிலோமினாவின் சொல். திராட்சைக் கொடியில் அடித்த மருந்தின் விஷம் இறங்க இத்தனை நாள் ஆகும், அதுவரை பழத்தை வெட்டாதே என்று டப்பாவின் அட்டையில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருப்பார்களே, அந்த நாட்களை அவர் இப்படித்தான் சொல்வார். “சோறு வடிச்சா ஆற விட்டுத்தான திங்கிறோம்? மருந்தும் ஆறணும்ல.”

கம்பத்தில் மெயின்ரோட்டை விட்டு ஒரு சந்துக்குள் திரும்பினால் இவர் கடை. வாசலில் தொங்கும் பலகையில் ஒரு பெயர் இருக்கிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ‘கேள்விக்கடை’ என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் பெண்கூட வழி சொல்லிவிடுவார். உரம், பூச்சி மருந்து, பூஞ்சாண மருந்து எல்லாம் விற்பதற்கான படிப்பும் லைசென்ஸும் முறையாக உண்டு. சுவரில் மாட்டியிருக்கும் லைசென்ஸுக்குப் பக்கத்தில் மாதா படம். இரண்டின் கண்ணாடியையும் ஒரே துணியால் துடைப்பார்.

அந்தத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சள் துணி. பிலோமினாவுக்கு யோசனை வந்துவிட்டால் கை தானாக அதைத் தேடும். மேசைக் கண்ணாடியின் ஒரு மூலையில் ஆரம்பித்து மறு மூலை வரைக்கும், அழுக்கு இருக்கிறதோ இல்லையோ, துடைத்துக்கொண்டே போவார். வாடிக்கையாளர்களுக்கு இது தெரியும். “அக்கா தொடைக்க ஆரம்பிச்சிட்டாக, ஒக்காருங்கப்பா, நேரமாகும்” என்று பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். துடைத்து முடித்ததும் ஒன்று மருந்து வரும், இல்லாவிட்டால் இன்னொரு கேள்வி வரும்.

வருடக்கணக்காக மருந்து நெடிக்குள்ளேயே இருந்து அவருடைய மூக்கு வேலையை விட்டுவிட்டது. வீட்டில் குழம்பு தீய்ந்தால் கணவர் இருதயம்தான் சொல்ல வேண்டும். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். “என்னமோ கருகுது” என்று அவர் சொன்னால் போதும், பிலோமினா அடுப்பை நோக்கி ஓடுவார். “மூக்குத்தான் போச்சு, நாக்கு நல்லா இருக்கு” என்பது கணவர் மனைவியைப் பற்றித் தரும் சுருக்கமான நற்சான்று.

மருந்தே கூடாது என்று சொல்கிறவர் அல்ல பிலோமினா. சொன்னால் கடையை மூட வேண்டியதுதான். பன்னீர் திராட்சை குழந்தை மாதிரி. காற்று மாறினால் சளி பிடிக்கும், மேகம் இறங்கினால் இலையில் சாம்பல் நோய் விழும். கடன் வாங்கிப் பந்தல் போட்டவனிடம் போய் இயற்கையாக விட்டுவிடு என்று சொல்ல அவருக்கு வாய் வராது. “ஒரு மழைக்காலம் பூராவும் பந்தலுக்குக் கீழ நின்னு பாத்துட்டு வந்து பேசட்டும்” என்பார். விற்பது தப்பில்லை. கேட்காமல் விற்பதுதான் தப்பு. அவருடைய தத்துவம் மொத்தமும் இதில் அடங்கிவிடும்.

பெஞ்சில் உட்கார்ந்து இதை விடாமல் எதிர்ப்பவர் தங்கப்பாண்டியன். சுருளிப்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் சம்சாரி. மருந்து வாங்க வருவதைவிட வாதம் பண்ண வருவது அதிகம்.

“நீங்க குடுக்காட்டி பக்கத்துக் கடையில குடுக்கப் போறான். உங்களால என்ன மாறிப்போச்சு?”

“அங்கன வாங்கினா அது அவரு பொறுப்பு. என் கையிலருந்து போனா என் பொறுப்பு.”

“ஊரே திங்குது. ஒருத்தரும் செத்துப்போகலையே.”

“செத்தாத்தான் தப்பாண்ணே? அப்ப பாலுல தண்ணி ஊத்துறவனை ஏன் வையிறீக?”

தங்கப்பாண்டியன் உடனே டீ சொல்லிவிடுவார். டீ வரும் வரைக்கும் பிலோமினா விரலை மடக்கி விளக்குவார். ஒரு டப்பா மருந்து விற்றால் அதில் நாலு பேர் சம்பந்தப்படுகிறார்கள். விற்கிற ஆள், வாங்குகிற ஆள், முதுகில் மிஷினைக் கட்டி அடிக்கிற ஆள், அப்புறம் எங்கோ ஓர் ஊரில் அந்தப் பழத்தைத் தின்கிற ஆள். “மொத மூணு பேரும் எப்படியும் என் கண்ணுல பட்டுருவாக. நாலாமத்த ஆளு இங்கன வரவே மாட்டாக. அவுக கேக்க வேண்டியத நான்தான கேக்கணும்?”

விவசாயிகள் முணுமுணுத்தாலும் அவர்கள் வீட்டுப் பெண்கள் பிலோமினா கட்சி. காலையில் கடை திறந்ததும் போன் வரும். “யக்கா, எங்க வீட்டுக்காரரு வருவாரு. வெட்டுக்கு ரொம்ப நாள் இருக்குன்னு சாதிப்பாரு. நம்பாதீக. வியாபாரி நேத்தே வந்து கொடி பாத்துட்டுப் போயிட்டாக.” வீட்டுக்காரர் வருவார், சாதிப்பார், பிலோமினா முழுவதையும் கேட்டுக்கொண்டு, “வியாபாரி சௌக்கியமா இருக்காகளா?” என்பார். அத்தோடு அந்த மனிதர் முகத்தில் ஈ ஆடாது.

இப்படி ஊரையெல்லாம் நிறுத்திக் கேட்ட பிலோமினா, போன வெட்டு சமயத்தில் ஒரே ஓர் ஆளைக் கேட்காமல் விட்டார். அந்த ஆள் சொந்தத் தம்பி ஆண்டனி ராஜ்.

தம்பிக்கும் சுருளிப்பட்டியில்தான் பந்தல் இருக்கிறது. அன்றைக்குக் கடைக்கு வந்தவனைப் பார்த்ததும் அக்காவுக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. பிள்ளைகள் படிப்பைக் கேட்டார். அவன் மனைவி சகாயராணியின் இடுப்பு வலியைக் கேட்டார். வடை வாங்கி வரச் சொன்னார். அவன் சாம்பல் விழுந்திருக்கிறது, நல்லதாகக் கொடு என்றான். இருப்பதிலேயே வீரியமானதை எடுத்துப் பையில் போட்டார். டப்பா மேசையில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. தம்பியிடம் போய் எப்ப வெட்டு என்று கேட்பதா? அது அவனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகாதா? இப்படி ஒரு நினைப்பு வந்ததா என்றால், வரக்கூட இல்லை. சொந்தம் என்பது அப்படித்தான் வேலை செய்கிறது. பழைய சேலை ஒன்று இருந்தால் கொடுங்கள் என்று சகாயராணி கொஞ்ச நாள் முன்னால் கேட்டபோது கத்தரிப்பூ நிறச் சேலையை எடுத்துக் கொடுத்தாரே, அப்போதும் எதற்கு என்று கேட்கவில்லை.

விஷயம் தங்கப்பாண்டியன் வாயில் வந்து சேர்ந்தது. வழக்கம்போல அவரிடம் டப்பாவைக் காட்டி “எப்ப வெட்டு?” என்று கேட்டார் பிலோமினா. அவர் பதில் சொல்லாமல் மீசையைத் தடவினார்.

“எங்களைக் கேக்குறது இருக்கட்டும். உங்க தம்பி தோட்டத்துல நாளைக்கு வெட்டாமே. ஆளு சொல்லியாச்சு. கேரளத்துல ஏதோ விசேஷமாம், வியாபாரி அவசரப்படுறாராம். அடிச்ச மருந்து ஆறிருச்சா? அவுககிட்ட கேட்டுத்தான் குடுத்தீகளா?”

கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனால் பிலோமினாவின் கை மஞ்சள் துணியைத் தேடிப் போனதையும், துணியை எடுத்துவிட்டுத் துடைக்காமலே நின்றதையும் பார்த்து அவரே கொஞ்சம் பயந்துவிட்டார். அந்த மருந்து ஆற இன்னும் நாள் இருந்தது. பாதிகூட ஆகவில்லை.

அன்று மத்தியானம் கடையில் வாதம் நடந்தது. இரண்டு பக்கமும் பிலோமினாவே பேசினார், வாய் திறக்காமல். ஒரு தோட்டத்துப் பழம் சந்தையில் எத்தனை பங்கு? வாளியில் ஒரு சொட்டு. அதை நிறுத்தி என்ன ஆகப்போகிறது? தம்பிக்குக் கடன் இருக்கிறது. இந்த வெட்டை நம்பித்தான் மகளைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறான். வெளியே வேறு மேகம் கட்டுகிறது. மழை விழுந்தால் கொடியில் நிற்கும் பழம் வெடித்துப்போகும். இந்தக் காரணங்கள் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் இவை யாவும் ஏற்கெனவே கேட்ட குரலாக இருந்தன. எத்தனையோ விவசாயிகள் அந்த மேசைக்கு முன்னால் நின்று இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் ஒத்துக்கொள்ளாததைத் தன் தம்பிக்கு மட்டும் ஒத்துக்கொண்டால், இத்தனை நாள் கேட்டது நியாயம் இல்லை. அடுத்த வீட்டுக்காரனை மிரட்டியது என்றுதான் ஆகும். இதை நினைத்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

போனில் கூப்பிட்டார். “பாத்துக்கலாம்க்கா” என்றான் தம்பி. பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று கம்பம் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும்.

காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது இருதயம் வாசலில் நின்றிருந்தார். எங்கே என்று கேட்கவில்லை. “அவன் கோவக்காரன். நீ நெதானமாப் பேசு” என்று மட்டும் சொன்னார்.

தோட்டத்தில் வியாபாரியின் வண்டி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. பிளாஸ்டிக் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. வெட்டுக்கு வந்த பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக் கத்திரியும் கையுமாகப் பந்தலுக்குள் நுழையத் தயாராக இருந்தார்கள். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில், பந்தலின் ஓரத்தில் இருக்கும் ஒரு கொடிக்கு அடியில் மட்டும் ஒரு துணி தொட்டில் மாதிரி விரித்துக் கட்டியிருந்தது. கத்தரிப்பூ நிறம். பிலோமினாவின் சேலை.

திராட்சைத் தோட்டம் அறியாதவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். அநேகமாக எல்லாப் பந்தலிலும் ஒரு கொடி ‘வீட்டுக்கொடி’. மருந்து அடிக்கிற அன்றைக்கு அதற்கு மட்டும் அடியில் பழைய சேலையைக் கட்டிவிடுவார்கள். மருந்து கீழேயிருந்து மேலே அடிப்பது, சேலை தடுத்துவிடும். வீட்டுப் பிள்ளைகளுக்கும், வந்து போகும் விருந்தாளிக்கும், கோயிலுக்குக் கொடுப்பதற்கும் அந்தக் கொடியிலிருந்துதான் பறிப்பார்கள். அணில், குருவிக்கும் மறைப்பு என்று பல பேர் அதை அவிழ்ப்பதே இல்லை. இதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பிலோமினாவும் எத்தனையோ தோட்டத்தில் பார்த்தவர்தான். ஆனால் தன் சேலை அந்த வேலையைச் செய்வதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

அந்தச் சேலையின் ஓரத்தை விலக்கிக்கொண்டு, கொத்துக்களில் நல்லதாக ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தவர் கேரளத்து வியாபாரி.

“ராசு, இங்கன வா.” தம்பியைக் கூப்பிட்டார்.

“யக்கா, ஆளுக நிக்கிறாக. அப்பறம் பேசலாம்.”

“வெட்டுன அப்பறம் பேசி என்னடா செய்ய?”

வியாபாரி திரும்பிப் பார்த்து, “வாங்க சேச்சி” என்றார். பிலோமினா மறைக்காமல் அவரிடமே சொன்னார். “இந்தத் தோட்டத்துக்கு மருந்து வித்தது நான்தான். எப்ப வெட்டுன்னு கேக்காம வித்துட்டேன். தப்பு என்மேல. மருந்து இன்னும் ஆறல. இப்ப வெட்டாதீக.”

வியாபாரி அதிர்ச்சி அடைவார் என்று பிலோமினா எதிர்பார்த்திருந்தார். அந்த மனிதர் சிரித்தார். “இது எல்லா எடத்திலயும் உள்ளதுதான சேச்சி. கழுவித் தின்னா சரியாகும்.” தம்பியின் முகத்தில் தெம்பு வந்தது. வழி முழுக்கப் பிலோமினா தயார் செய்து கொண்டுவந்த பேச்சு அத்தோடு முடிந்துபோனது. கையில் துடைக்கத் துணியும் இல்லை.

சேலைப் பக்கம் ஓர் எட்டு நகர்ந்தார். பிறகு வியாபாரியின் கையைப் பார்த்தார்.

“அந்தக் கொத்து யாருக்கு?”

“வீட்டுக்கு. என் மோளுக்கு.”

“வண்டி நெறையப் பழம் ஏறப்போகுதே. அதுல ஒரு கொத்து எடுத்துக் கழுவிக் குடுக்க வேண்டியதுதான?”

வியாபாரி சிரிப்பை முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். கொத்தைக் கீழேயும் வைக்க முடியவில்லை, பையிலும் போட முடியவில்லை.

பிலோமினா தம்பி பக்கம் திரும்பினார். குரல் உயரவே இல்லை. கடையில் கேட்கிற அதே குரல்.

“இந்தச் சேலையை எதுக்குடா கட்டுன?”

“எல்லாத் தோட்டத்துலயும் கட்டுறாக.”

“எதுக்குக் கட்டுறாக?”

“மருந்து படாம இருக்க.”

“பட்டா என்ன?”

ஆண்டனி ராஜ் சேலையின் முடிச்சைப் பார்த்தான். பதில் அவனுக்குத் தெரியாமலா இருந்தது? பந்தல் போட்ட நாளிலிருந்து தெரியும். தெரிந்ததனால்தானே சேலை கட்டினான்.

இடையில் பேசியது வெட்டுக்கு வந்த பெண்களில் ஒருத்தியான பவுனு. “அதெல்லாம் சரிதான் ஆத்தா. எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்க. வேற தோட்டத்துக்குக் கூப்பிட்டாக, வரலைன்னு சொல்லிட்டு இங்கன வந்திருக்கோம். உங்க நியாயத்துக்கு எங்க பொழப்பு போகணுமா?”

பிலோமினா கத்திரி பிடித்த அந்தக் கைகளைப் பார்த்தார். வழியெல்லாம் தின்கிற ஆளைப் பற்றியே நினைத்து வந்தவர், வெட்டுகிற ஆளை நினைக்கவே இல்லை. நல்லது செய்யக் கிளம்புகிறவர்கள் அதற்கான செலவை யார் தலையில் வைக்கிறோம் என்று பார்ப்பதில்லை. “நீ கேக்குறது நியாயம்தான் பவுனு. இன்னைக்குக் கூலி என்னோடது” என்றார். அவர் கொடுத்தார் என்பதையும், பவுனு அதை வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆண்டனி ராஜ் ஒருமுறை பந்தலை அண்ணாந்து பார்த்தான். கறுத்துத் திரண்ட கொத்துக்கள், பார்க்கக் கண் கொள்ளாமல் தொங்கின. “கத்திரிய வைங்கத்தா” என்றான் பெண்களைப் பார்த்து. அக்காவைப் பார்க்கவில்லை. அவர் ஸ்கூட்டியைத் திருப்பும்போது பின்னாலிருந்து சொன்னான்: “இனி என் தோட்டத்துப் பக்கம் வராத.”

மழை வந்தது. வராமல் இருந்திருந்தால் இந்தச் சித்திரம் இனிமையாக முடிந்திருக்கும். நல்லது செய்தவர்களுக்காக மேகம் ஒதுங்கிப் போகும் வழக்கம் கம்பம் பள்ளத்தாக்கில் இல்லை. பாதிக் கொத்துக்கள் வெடித்துக் குளவி மொய்த்தது. மருந்து ஆறிய பிறகு அதே வியாபாரி வந்து, மிஞ்சியதைத் தான் சொன்ன விலைக்கு வெட்டிக்கொண்டு போனார். மகளின் கல்லூரிக்கு ஆண்டனி ராஜ் மறுபடி கடன் வாங்கினான். அக்கா உதவுகிறேன் என்று சொல்லி அனுப்பியதற்கு, வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் பதில் வந்தது. சகாயராணி மட்டும் அவனுக்குத் தெரியாமல் போன் செய்வாள். பேசி முடிக்குமுன் இருவரும் அழுவார்கள்.

கிறிஸ்துமஸுக்குத் தம்பி குடும்பம் வரவில்லை. அந்த வருடம் பிலோமினா முறுக்குச் சுடவில்லை. கோயிலில் பாட்டு நடக்கும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். செய்ததற்கு வருத்தப்படுகிறாரா என்றால், அதுதான் இல்லை. ஆனால் பெருமையும் இல்லை. தங்கப்பாண்டியன் ஒரு நாள் கேட்டே விட்டார், செய்தது சரி என்றுதான் இன்னமும் நினைக்கிறீர்களா என்று. பிலோமினா மேசையை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை துடைத்துவிட்டுச் சொன்னார்:

“சரியானதைத்தான் செஞ்சேன். ஆனா செய்ய வேண்டிய எடத்துல செய்யல. இங்கன வெச்சு ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒருத்தருக்கும் நட்டமில்ல. கேக்க வேண்டிய நேரத்துல கேக்காம விட்டு, அங்கன போய்க் கேட்டேன். அதுக்குத்தான் இவ்வளவும்.”

ஊரில் இதைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசினார்கள். கூடப்பிறந்தவன் வயிற்றில் அடித்தவள் என்று சிலர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். சொந்தத் தம்பியையே விடவில்லை, இந்த அம்மாவிடம் பொய் சொல்லி என்ன பிரயோஜனம் என்று வேறு சிலர், கேட்குமுன்பே வெட்டு நாளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். வியாபாரி ஒருவரே வந்து விசாரித்தார், எந்தெந்தத் தோட்டத்துக்கு இந்தக் கடை மருந்து என்று. பிலோமினா எதற்கும் துள்ளவில்லை, துவளவும் இல்லை. கடையை அதே நேரத்துக்குத் திறந்தார்.

இரண்டு மாற்றம் மட்டும் தெரிந்தது. விரலை மடக்கிக் கணக்குச் சொல்லும்போது இப்போது நாலோடு நிறுத்துவதில்லை. வெட்டுகிற ஆளுக்காக ஐந்தாவது விரலும் மடங்கும். அடுத்தது, சொந்தக்காரர் யாராவது கடைக்குள் கால் வைத்தால் நலம் விசாரிக்குமுன் கேள்வி வந்துவிடுகிறது. ஆனைமலையன்பட்டியிலிருந்து வந்த பெரியம்மா மகன் ஒருவர், தண்ணீர் குடிக்க மட்டுமே நுழைந்தவர், இந்தக் கேள்விக்கு ஆளாகி, “யக்கா, எனக்குத் தோட்டமே கெடையாது” என்று முறையிட வேண்டியதாயிற்று.

கொடிகளைக் கழித்துவிடும் கவாத்து முடிந்து பந்தல்களில் மறுபடி பச்சை ஏறி, மருந்துக் காலம் தொடங்கிய ஒரு காலையில் கடையில் கூட்டம் இருந்தது. ஆண்டனி ராஜ் வந்தான். முன்னெல்லாம் நேராக மேசைக்கு உள்பக்கம் போய்விடுகிறவன், அன்று மற்றவர்களுக்குப் பின்னால் நின்றான். டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோன தங்கப்பாண்டியன் அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார். பிலோமினாவும் அவனை முன்னால் கூப்பிடவில்லை. முன்னால் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு, கொடுத்து, அனுப்பினார்.

அவன் முறை வந்தது. பையிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்து மேசைக் கண்ணாடிமேல் வைத்தான். கத்தரிப்பூ நிறம் வெளுத்து, மருந்துக்கறை வெள்ளையும் நீலமுமாகத் திட்டுத் திட்டாகப் படிந்த சேலை.

“இந்தா, ஒன் சேலை. வீட்டுக்கொடின்னு இனி தனியா ஒண்ணு இல்ல, அங்கன அதுக்கு வேலை இல்ல.” கொஞ்சம் பொறுத்து, “சாம்பல் விழுந்திருக்கு. மருந்து வேணும்” என்றான்.

பிலோமினா சேலையைப் பிரித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார், அந்த மூக்குக்கு என்ன தெரிந்ததோ. பிறகு அதன் முந்தானையில் கறை படாத ஓரத்தைப் பிடித்து, நீளமாக ஒரு துண்டு கிழித்தார். பழைய மஞ்சள் துணியைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, கிழித்த துண்டை நாலாக மடித்து, கண்ணாடியின் ஒரு மூலையிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.

தங்கப்பாண்டியன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். ஆண்டனி ராஜ் உட்காரவில்லை. மேசை ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, அக்கா துடைத்து முடிக்கும் வரை நின்றான்.